கையெழுத்து நடுங்குவதற்கு முன்: வயதான அம்மா அப்பாவுக்காகச் செய்துவைக்க வேண்டியவை

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்றாவது கிழமை, அவருடைய வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். பம்பர்ஸ் வாங்க வேண்டும், இரவில் பார்க்க வந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓய்வூதியம் கணக்கில் விழுந்து கிடக்கிறது, ஆனால் கணக்கு அவர் ஒருவருடைய பெயரில். கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். வலது கை துணி போலத் தொங்குகிற மனிதர் இடது கையால் ஏதோ கிறுக்கித் தந்தார், அது பொருந்தவில்லை. பிறகு வைத்தியரின் கடிதம், கைநாட்டு, அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்ப்பது என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. வங்கியை நான் குறை சொல்ல மாட்டேன். எவனாவது போய்ப் புத்தகத்தை நீட்டினால் காசு கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அந்த விதி. பிழை எங்களுடையது. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்து, ஊரில் பாதிப்பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த மனிதர் தன்னுடைய கடதாசி ஒன்றையும் ஒழுங்கு செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பா போன பிறகு அம்மாவின் விஷயத்தில் அந்தப் பிழையை விடக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலையில் அம்மாவோடு இருக்கிற மகள், அண்ணா கனடாவில், தங்கச்சி கொழும்பில். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். எதை முதலில் செய்வது என்று குழம்ப வேண்டாம், ஒரே ஒரு அளவுகோல் போதும்: அவர்களுடைய சொந்தப் புத்தியும் சொந்தக் கையெழுத்தும் தேவைப்படுகிற வேலைகள் எல்லாம் முதலில். கட்டில் வாங்குவது, ஆள் தேடுவது எல்லாம் பிறகும் நீங்கள் செய்யலாம். கையெழுத்தை மட்டும் நீங்கள் போட முடியாது.

கதையை எப்படித் தொடங்குவது

இதுதான் கஷ்டமான பகுதி. எங்கள் பேச்சில் உயிலுக்குப் பெயரே மரணசாசனம். சொல்லின் முன்பாதியிலேயே மரணத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை போய் அம்மாவிடம் "மரணசாசனம் எழுதுவோமா" என்று கேட்கும்? எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு ஒதுக்கிய இடம் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிதான். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்ற கதையை நம்பி அந்தியேட்டிக் கிரியைக்குப் போய், ஏழு கிணற்றிலும் வெந்நீர் அள்ளி வார்த்துவிட்டு, திரும்பி வரும் வான் வண்டியில்தான் "அப்ப காணி எப்படி?" என்று முதல் கேள்வி வரும். அதற்குள் கேட்க வேண்டிய ஆள் போய்விட்டார்.

ஆகவே சாவில் தொடங்காதீர்கள், பெட்டியில் தொடங்குங்கள். நான் அம்மாவிடம் கேட்டது இவ்வளவுதான்: "அம்மா, அந்த ட்ரங்குப் பெட்டியில் கறையான் வைத்திருக்குமோ தெரியாது, ஒருக்கா எடுத்து வெயிலில் போடுவோமா?" பெட்டி திறந்தால் கதையும் திறக்கும். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு கதை வரும், அந்தக் கதையின் நடுவில் "இது ஆருக்கு என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்டால் கோபம் வராது. எங்களுக்கு ஒரு நாளில் முடியவில்லை, விறாந்தையில் பாய் போட்டு நாலைந்து பின்னேரங்கள் போயின.

சில எச்சரிக்கை. திருவிழாவுக்கு எல்லாரும் கூடியிருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம், பெற்றோருக்குத் தங்களை வளைத்துப் பிடித்த மாதிரி இருக்கும். மருமக்களை முதல் நாளிலேயே உள்ளே இழுக்க வேண்டாம். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகவும் கேளுங்கள், ஏனென்றால் அப்பா இருக்கும்போது அம்மா "அவர் சொல்வதுதான்" என்றுதான் சொல்வார், அவருக்கென்று ஒரு விருப்பம் இருப்பது குசினியில் தேங்காய் துருவும்போதுதான் தெரியவரும். அப்புறம், வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்களுக்கு மறைக்காதீர்கள். முதல் பேச்சு உங்களுக்கும் அம்மாவுக்கும், இரண்டாவது பேச்சு எல்லாருக்கும் போனில், எந்த முடிவானாலும் குடும்பக் குழுவில் எழுத்தில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழுதுவித்தாள், மாற்றினாள் என்று பிறகு கதை வரும், அது உங்களுக்குத் தேவையில்லாத பாரம்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகங்கள், நிலையான வைப்புத் துண்டு, ஓய்வூதிய இலக்கம், காப்புறுதி, அடகுத் துண்டு (ஓம், அதையும் கேளுங்கள், அம்மாமார் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள்), கிளினிக் கொப்பி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் எத்தனை வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது? 1990இல் சண்டைக்குள் கைப்பையோடு ஓடியவர்கள், 2004இல் கடல் வந்து வீட்டைத் துடைத்துக்கொண்டு போன கரையோரச் சனம், 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்று மூன்று தரமும் இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. உறுதி இல்லை என்றால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுப்படுத்துகிற சட்டத்தரணி) எழுதிய ஒவ்வொரு காணி உறுதிக்கும் ஒரு இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், அங்கிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், வருடம், நொத்தாரிசின் பெயர், இதில் ஏதாவது தெரிந்தால் தேடுவது சுலபம், அதனால் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே "எந்த நொத்தாரிசு எழுதினவர்?" என்று கேட்டு எழுதிவையுங்கள். பக்கத்து வளவுக்காரரின் உறுதியில் எல்லைச் சொல்லும் இடத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தால் அதுவும் நூல் பிடித்துப் போக உதவும். பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்குப் பிரதேச செயலகம் வழியாகக் காலங்கடந்த பதிவு செய்யவோ உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கவோ வழி இருக்கிறது.

அடுத்தது பெயர். அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய இன்னொன்று, உறுதியில் வீட்டுப் பெயர். எங்கள் தலைமுறைக்கு முன்னால் எல்லாருக்கும் இதுதான் நிலை. உயிரோடு இருக்கும்போது அவரே வந்து "இரண்டும் நான்தான்" என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் அரை நாள் வேலை, போன பிறகு அதை நிரூபிக்க வேண்டிய வேலை பிள்ளைகளுக்கு.

விவாகப் பதிவைக் கட்டாயம் பாருங்கள். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டு, பதியாமல் விட்ட கலியாணங்கள் எங்கள் பக்கம் நிறைய. வழக்கப்படி செய்த கலியாணம் சட்டத்தில் செல்லாது என்று இல்லை, ஆனால் கணவர் போன பிறகு விதவை ஓய்வூதியத்துக்குப் போய் நிற்கும்போது கடதாசியைத்தான் கேட்பார்கள். எழுபது வயதில் பதிவாளர் முன்னால் உட்காருவதற்கு அவர்களுக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரு சோடியைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்து, மாலை வாங்கிக் கொடுத்து, கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டார்கள்.

காணி, வீடு

முதலில் எந்த வகைக் காணி என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் காசையும் வருடத்தையும் இழக்கிறார்கள். உறுதிக் காணி ஒன்று, அரசாங்கம் கொடுத்த பேமிட் (அனுமதிப்பத்திரம்) அல்லது அளிப்புப் பத்திரக் காணி இன்னொன்று. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வயல்கள், குடியேற்றத் திட்டக் காணிகள் பல இரண்டாவது வகை.

பேமிட் காணியை மரணசாசனத்தில் எழுதிப் பயனில்லை. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அடுத்தவர் யார் என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவு செய்ய வேண்டும், அதைத்தான் சட்டம் பார்க்கும். பேமிட்காரர் போனால் மனைவி அல்லது கணவர் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், பிறகு பெயர் குறித்த ஆளுக்குப் போகும். பெயர் குறிக்காமல் விட்டால் சட்டத்தில் இருக்கிற வரிசைப்படிதான். அந்த வரிசையில் முன்பு ஆண்பிள்ளைக்கே முதலிடம், 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தன்னோடு இருந்து பார்த்த கடைசி மகளுக்கு வயல் என்று வாயால் நூறு தரம் சொன்னவர், கொப்பியில்கூட எழுதிவைத்தவர், பிரதேச செயலகத்துக்கு மட்டும் போகவில்லை. வயல் மூத்த மகனுக்குப் போனது. ஆகவே பேமிட்டை எடுத்துப் பின்பக்கம் புரட்டிப் பாருங்கள், யாருடைய பெயர் இருக்கிறது, அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று. பெயரை மாற்றவும் முடியும், பேமிட்காரர் உயிரோடு இருக்கும்வரை.

உறுதிக் காணி என்றால் மூன்று வழி: ஒன்றும் எழுதாமல் விடுவது, நன்கொடை உறுதி, மரணசாசனம்.

ஒன்றும் எழுதாவிட்டால் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு அல்லது கணவருக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பரப்புக் காணிக்கு ஐந்து பங்காளிகள், ஒருவர் டொரண்டோவில், ஒருவர் சூரிச்சில், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்றால், கூரை மாற்றக் கடன் எடுப்பதற்குக்கூட எல்லாருடைய கையெழுத்தும் வேண்டி வரும். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இருப்பவர்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தங்களுக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்தினால் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) என்று கணக்கு வேறு, மனைவி தன் பெயரில் உள்ள காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுப் பங்கு முஸ்லிம் சட்டப்படி.

நன்கொடை உறுதி உடனே கைமாறுவது. பிள்ளைக்கு எழுதுகிற அன்றே காணி பிள்ளையுடையது. அதனால் நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்கிற ஒன்று: அம்மா அப்பா குடியிருக்கிற வீட்டை எழுதுவதென்றால் சீவிய உரித்து ஒதுக்கி எழுதுங்கள். அதாவது உயிரோடு இருக்கும்வரை இருவரும் அங்கே இருக்கவும் அனுபவிக்கவும் உரிமை தங்களுக்கே என்று உறுதியிலேயே எழுதுவது. "என்ர பிள்ளை என்னை வெளியில விடுமா" என்று அம்மா கேட்பார். பிள்ளை விடாது அம்மா, பிள்ளைக்கு ஒன்று நடந்தால் பிறகு காணி யாருடைய கையில் இருக்கும் என்று யோசியுங்கள், மகன் கடைக்கு வங்கியில் கடன் எடுத்து அதைக் கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்கு வருவது நீங்கள் படுத்திருக்கிற அறை. அப்படித்தான் விளங்கப்படுத்தினேன். மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதிக் கொடுத்தபின் பிள்ளை மிக மோசமாக நடந்தால், அதை ரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். ஆனால் எண்பது வயதில் சொந்தப் பிள்ளைக்கு எதிராக யார் வழக்குக்கு ஏறி இறங்குவது?

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த பிள்ளைகள் இருந்தால் அதையும் சட்டத்தரணிக்கு முதலிலேயே சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. நெருங்கிய உறவிடமிருந்து நன்கொடையாகவோ வாரிசாகவோ மரணசாசனம் மூலமோ வருவதற்கு விலக்கு உண்டு, எப்படி எழுதுவது என்பது அவர் வேலை.

மரணசாசனம் எழுதுவது நீங்கள் நினைப்பதைவிடச் சின்ன வேலை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்தால் போதும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். ஐந்து சாட்சி வழியில் போகவேண்டாம் என்பது என் கருத்து, பத்து வருடத்தில் அந்த ஐந்து பேரையும் எங்கே தேடுவது? பங்கு பெறப்போகிறவரோ அவருடைய கணவர் மனைவியோ சாட்சி வைக்க வேண்டாம். நிறைவேற்றுநராக ஊரிலேயே இருக்கிற, கடதாசிக்குப் பயப்படாத ஒருவரைப் போடுங்கள், மூத்த பிள்ளை என்பதற்காகக் கனடாவில் இருக்கிறவரைப் போட்டால் ஒவ்வொரு தவணைக்கும் அவர் விமானம் ஏற வேண்டும். மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதியதை எத்தனை தரமும் மாற்றலாம், அதனால் "பிறகு மனசு மாறினால்?" என்ற பயம் வேண்டாம். ஆள் போன பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதை நிறைவேற்றுவார்கள்.

அம்மாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் இன்னும் அவசரம். கையெழுத்து வைக்கும் கிழமையிலேயே வைத்தியரிடம் காட்டி, தெளிவாக இருக்கிறார் என்று ஒரு கடிதம் எடுத்துக் கூட வையுங்கள். காலையில் தெளிவும் பின்னேரம் குழப்பமுமாக இருப்பவர்கள் உண்டு, காலையில் கூட்டிப் போங்கள். அறைக்குள் பிள்ளைகள் இல்லாமல் நொத்தாரிசு தனியாக அவரோடு கதைக்கட்டும். எங்கள் நொத்தாரிசு என்னை வெளியே வாங்கில் உட்கார வைத்தார், அப்போது கொஞ்சம் கோபம் வந்தது, இப்போது நன்றி சொல்கிறேன். கட்டணமும் முத்திரை வரியும் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பவர் எழுதினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு

அற்றோணித் தத்துவம், எங்கள் வாயில் "பவர்". அம்மாவால் நடக்க முடியவில்லை, அவருக்காக நீங்கள் கந்தோருக்குப் போய்க் காரியம் பார்க்க இது நல்லது. ஆனால் இரண்டு விஷயம் விளங்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடம் அது செத்துவிடும், அதை வைத்து அடுத்த நாள் காசு எடுக்கப் போகாதீர்கள். அவருக்கு நினைவு முற்றாகப் போனாலும் அதை நம்பி இருக்க முடியாது. அந்த நிலைக்கு வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அவரையும் சொத்தையும் பார்க்க ஆள் நியமிக்கக் கேட்க வேண்டும். ஆகவே பவர் என்பது உடம்பு தளர்ந்த காலத்துக்கு உதவுமே தவிர மனம் தளர்ந்த காலத்துக்கு இல்லை. எழுதும்போதும் எல்லா அதிகாரமும் என்று அகலத் திறந்து விடாமல், வங்கி, ஓய்வூதியம், வாடகை என்று குறித்து எழுதுங்கள். காணி விற்கும் அதிகாரத்தை நன்றாக யோசித்துத்தான் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற சகோதரம் உங்களுக்குப் பவர் அனுப்புவதென்றால் எங்கே, யார் முன்னால் கையெழுத்து வைப்பது என்று அங்குள்ள எங்கள் தூதரகத்தில் முதலில் கேட்க வேண்டும்.

வங்கிக்குப் பவரைவிட நல்ல வழி இருக்கிறது. அன்றாடச் செலவுக் கணக்கை இருவரில் ஒருவர் கையெழுத்து வைத்தாலும் செல்லும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எனக்கு அந்த ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பெரிய வைப்புக்கு நியமனம் செய்யுங்கள், கணக்குக்காரர் போன பிறகு காசு யாருக்கு என்று வங்கிப் படிவத்தில் பெயர் குறிப்பது. இந்த நியமனம் மரணசாசனத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் செல்லும், அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பாருங்கள். கலியாணத்துக்கு முன் தன் தாயின் பெயரைப் போட்டுவிட்டு நாற்பது வருடம் மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியிலும் இதே நியமனத்தைப் பாருங்கள். ஓய்வூதியக்காரர் வருடந்தோறும் உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழ் கொடுக்க வேண்டும், படுக்கையில் இருப்பவர் என்றால் கிராம சேவகருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் போனுக்கு வங்கி அனுப்பும் இரகசியக் குறியீட்டு இலக்கத்தைப் போனில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போனின் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

60 வயது ஆனவுடன் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். 70க்கு மேல் வசதி குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் பராமரிப்புக் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உன்ர கொண்ணனுக்கு ஒரு கடிதம் போடவேணும்" என்று சிரித்தார்.

யார் பார்ப்பது

காசு அனுப்புகிறவரும் கழுவித் துடைக்கிறவரும் ஒரே வேலை செய்யவில்லை. இதை முதலிலேயே பேசாத குடும்பங்களில்தான் செத்த வீட்டில் சண்டை வருகிறது. நாங்கள் செய்தது: மாதச் செலவைக் கொப்பியில் எழுதி அண்ணாவுக்கும் தங்கச்சிக்கும் படம் எடுத்து அனுப்புகிறேன், பங்கு போடுகிறோம். தங்கச்சி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பத்து நாள் வந்து நிற்பாள், அந்தப் பத்து நாளும் நான் அம்மாவின் அறைப்பக்கம் போவதில்லை. முதல் தரம் அவள் வந்தபோது நான் ஆறு மணித்தியாலம் பகலில் தூங்கினேன். அண்ணா எந்த மருந்து, எந்த வைத்தியர் என்று டொரண்டோவிலிருந்து கட்டளை போடுவதை நிறுத்த ஒரு வருடம் எடுத்தது.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது கிணற்றடியும் கக்கூசும். எங்கள் பழைய வீடுகளில் இரண்டும் வெளியே, பாசி பிடித்த சீமெந்து, இரவில் வெளிச்சமும் இல்லை. வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று, உடைந்தால் பல பேர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. கைபிடிக் குழாய் பூட்டுங்கள், சொரசொரப்பான ஓடு போடுங்கள், இரவுக்கு ஒரு கொமட் கதிரை கட்டிலடியில் வையுங்கள். இரப்பர்ச் செருப்பு தேய்ந்திருந்தால் எறியுங்கள், "இன்னும் ஒரு வருசம் போகும்" என்பார், கேட்காதீர்கள். படுக்கையோடு ஆனவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்கு முதுகில் வியர்வை நின்றாலே தோல் உரிந்துவிடும், படுக்கைப்புண் வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கு.

கிளினிக் நாளில் பொது வைத்தியசாலையில் விடியவே போய் நம்பர் எடுத்து உட்காருவது ஒரு முழுநாள் வேலை. கிளினிக் கொப்பியைத் தவறவிட வேண்டாம். ஆஸ்பத்திரி மருந்து, தனியார் வைத்தியர் எழுதிய மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். அப்பா ஒரே பிரஷர்க் குளிசையை இரண்டு பெயரில் இரண்டு நேரம் குடித்துக்கொண்டிருந்தார், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதென்றால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். நாங்கள் விடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

ஆள் வைத்துப் பார்ப்பதென்றால் தெரிந்தவர் மூலம் தேடுங்கள், அடையாள அட்டைப் பிரதி வாங்குங்கள், சம்பளம், லீவு, எந்த வேலை செய்வார் எந்த வேலை செய்யமாட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். நகைகளை அதற்கு முன்பே வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பிவிடுங்கள், சந்தேகம் என்ற ஒன்று இரண்டு பக்கத்துக்கும் வராமல் இருக்கும். பார்க்கிற பிள்ளைக்கு மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு அடித்துக் கதைக்கலாம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு நான் அடித்திருக்கிறேன்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு சின்னக் கொப்பியில் அவர்களுடைய விருப்பங்களை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், முடிந்தால் அவர்களே எழுதட்டும். சட்டப் பத்திரம் இல்லை, ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று "குழாய் போடவா, கண்டிக்கு மாற்றவா" என்று வைத்தியர் கேட்கும்போது பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று பதில் சொல்லாமல் இருக்க அது உதவும். கடைசி நேரம் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, கண் தானம் விருப்பமா, எந்தச் சேலை, கிரியை யார் செய்வது, கோயிலுக்கு ஏதாவது நேர்த்தி மிச்சம் இருக்கிறதா, யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அம்மா மீன்காரருக்கு எழுநூறு ரூபாய் என்று எழுதியிருந்தார், அதை நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

அவருடைய கொப்பியில் கடைசி வரி நான் இல்லாத நேரம் எழுதியது, எழுத்து கொஞ்சம் சரிந்திருக்கிறது: "தம்பி வருமட்டும் என்னை ஐஸில வைச்சிருக்க வேண்டாம். வாறதெண்டால் இருக்கேக்க வரட்டும்." அம்மா தம்பி என்று கூப்பிடுவது அண்ணாவைத்தான். இதை மட்டும் நான் குடும்பக் குழுவில் போடவில்லை. அண்ணா ஆவணியில் வருகிறார், விறாந்தையில் இருத்தி அம்மாவே வாசித்துக் காட்டட்டும்.